கண் சிகிச்சை தள்ளிப்போகும்போது பார்வையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கவில்லை, கூட வர ஆள் இல்லை, அறுப்பு முடியட்டும், பேத்தியின் பரீட்சை முடியட்டும் என்று நம் வீடுகளில் முதலில் தள்ளிப்போவது கண் விஷயம்தான். வலி இருந்தால் பல்லுக்கு ஓடுகிறோம். கண் நோய்களில் மோசமானவை பலவும் வலிப்பதில்லை, அதனால் ஓடுவதில்லை.

நான் டாக்டர் இல்லை. சுகரும், பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும் கிளாக்கோமாவும் உள்ள குடும்பத்தில் கண் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறவன். இத்தனை நாள் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டது இதுதான்: எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. சில கண் நோய்கள் ஆறு மாதம் பொறுக்கும், சில ஆறு மணி நேரம்கூடப் பொறுக்காது. இன்னொன்றும் உண்டு. பார்வை போவது டாக்டரையே பார்க்காதவர்களுக்குத்தான் என்று நினைக்கிறோம். பிரிட்டனில் கண் மருத்துவர்கள் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையின் தரப்பில் ஏற்பட்ட தாமதத்தால் மட்டுமே மாதத்துக்கு 22 பேர் வரை பார்வை இழப்பது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே நோய் கண்டுபிடிக்கப்பட்டு, ரிவ்யூவுக்குக் காத்திருந்தவர்கள். அதிலும் முதலிடம் கிளாக்கோமாவுக்கு. அங்கேயே அப்படி என்றால், நம் ஊரில் ரிவ்யூ தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது நாம்தான், வேறு யாரும் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை.

படி 1: எது மணிக்கணக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கீழே சொல்வது எதற்கும் நாளைக் காலை ஓபி என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

கண்ணில் சுண்ணாம்பு, ஆசிட், கழிவறை கழுவும் திரவம், சிமென்ட் பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கி விளையாடும், அது வெடித்து நேராகக் கண்ணில் அடிக்கும். சுண்ணாம்பு ஆசிட்டைவிட மோசம், காரம் உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும். குழந்தையைப் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இமையை விரித்துப் பிடித்துச் சொம்புத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ குறைந்தது அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை அலறும், மனசு கேட்காது, ஆனாலும் நிறுத்தக் கூடாது. இடுக்கில் தெரியும் வெள்ளைத் துகளை ஈரப் பஞ்சால் எடுத்துவிடுங்கள். அப்புறம்தான் ஆட்டோ. மேல் இமையின் உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சத்தை அங்கே இமையைத் திருப்பிப் பார்த்து எடுப்பார்கள்.

கூர்மையான ஏதாவது குத்தியிருந்தால், பட்டாசு வெடித்துக் கண் கிழிந்த மாதிரி இருந்தால் நேர் எதிரான விதி: கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், அழுத்தாதீர்கள், எதையும் பிடுங்காதீர்கள். காகிதக் கப்பின் அடிப்பாகத்தைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்துப் பிளாஸ்திரி ஒட்டிக் கூட்டிப்போங்கள். மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பிட எதுவும் தர வேண்டாம்.

ஒரு கண்ணில் பார்வை வலியே இல்லாமல் திடீரென்று அணைந்துபோனால் அது விழித்திரையின், அதாவது கண்ணுக்குள் பிம்பம் விழும் பின்புறச் சவ்வின், ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பக்கவாதத்துக்கு ஓடுகிற வேகம் இதற்கும் வேண்டும், ஏனென்றால் அதே அடைப்பு அடுத்து மூளைக்குப் போகக்கூடும். சில நிமிடம் இருட்டாகித் தானாகச் சரியாகிவிட்டாலும் அது எச்சரிக்கைதான், அன்றைக்கே காட்டுங்கள்.

கண் முன்னே புதிதாகக் கொசு பறப்பதுபோல நிறையக் கரும்புள்ளிகள், ஓரத்தில் மின்னல், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல நிழல் என்றால் விழித்திரை கிழிகிறது அல்லது விலகுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். திரை நடுப்பார்வைக்கு வருவதற்குள் ஆபரேஷன் செய்தால் கிடைக்கும் பார்வை வேறு, வந்த பின் கிடைப்பது வேறு. கிட்டப்பார்வைக்குப் பெரிய பவர் கண்ணாடி போட்டிருப்பவர்களும், ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பலரும் ஏமாறுகிற ஒன்று கண்ணின் உள்ளழுத்தம் திடீரென்று ஏறுவது. கண் சிவந்து, அந்தப் பக்கத் தலை பிளந்து, வாந்தி வரும், பல்பைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். வாந்தியைப் பார்த்துவிட்டுப் பித்தம், கேஸ், ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். தலைவலியும் வாந்தியும் உள்ள பெரியவருக்கு ஒரு கண் மட்டும் சிவந்து மங்கலாக இருந்தால், "கண்ணையும் பார்த்துடுங்க டாக்டர்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு கண்ணைக் காப்பாற்றலாம்.

திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிந்து, கூடவே ஒரு இமை தொங்கிப்போனாலும் இதே வரிசைதான். அது மூளை சம்பந்தப்பட்டதாக இருக்கக்கூடும். 108க்குக் கூப்பிடலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் நேராக அங்கேயே போய்விடுவது நல்லது.

படி 2: எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ இல்லை

நம் ஊரில் கண் சிவந்தால் உடனே மெட்ராஸ் ஐ என்று பேர் வைத்துவிடுவோம். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நான்கு நாள் வீட்டில் இருப்போம். நிஜமான மெட்ராஸ் ஐயில் உறுத்தும், பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், ஆனால் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளிவாக இருக்கும். சிவப்போடு சேர்ந்து நல்ல வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இதில் எது ஒன்று இருந்தாலும் அது வேறு. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே காட்ட வேண்டும்.

வயல்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். கதிர் அடிக்கும்போது நெல் உமி தெறிக்கும், கரும்புத் தோகை கண்ணில் கீறும். சின்னக் கீறல்தானே என்று விட்டால் அதில் பூஞ்சை இறங்கிக் கருவிழிப் புண் ஆகிவிடும். மதுரையில் நடந்த ஓர் ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்து கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சைதான். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு தங்கிவிடும், அப்புறம் கண் தானம் கிடைத்துக் கருவிழி மாற்றினால்தான் உண்டு. அதே மதுரை மாவட்டக் கிராமங்களில் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். கீறல் விழுந்த 48 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குக் களிம்பு கொடுத்து மூன்று நாள் போடச் சொன்னதில் ஏறக்குறைய எல்லாக் கீறல்களும் புண்ணாகாமல் ஆறின. ஆக இரண்டு நாள்தான் நம் கையில் இருக்கிற அவகாசம். இதை வாசிக்கிறவர்களில் ஊரில் விவசாயம் பார்க்கும் அப்பாவோ சித்தப்பாவோ இருக்கிறவர்கள் இன்றைக்கே போன் போட்டு இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடாதது: தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, எச்சில், நாக்கால் தூசி எடுப்பது, தீக்குச்சியில் துணி சுற்றிக் குடைவது. ஆசையோடு செய்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் திறந்த புண்ணில் கிருமியைக் கொண்டுபோய் வைப்பது அதுதான்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் சொட்டு மருந்தின் மேல். "கண் சிவந்திருக்கு, ஏதாவது டிராப்ஸ் குடுங்க" என்றால் கையில் வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்தது. பாட்டிலில் டெக்ஸாமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு. போட்ட அன்றே சிவப்பு அடங்கும், அருமையான மருந்து என்று தோன்றும். உள்ளே பூஞ்சைப் புண் இருந்தால் அது இதைக் குடித்து வளரும். வெயில் காலத்தில் கண் அரித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும் அலர்ஜிப் பிள்ளைகளுக்குப் பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் இதையே வாங்கிப் போடுகிறார்கள். கண் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, பத்தாவது படிக்கும்போது கரும்பலகையின் ஓரம் தெரியவில்லை என்று வரும் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, ஆபரேஷனுக்குப் பின் அதுவேதான் தருவார்கள். டாக்டர் சொன்ன நாள்வரை, சொன்ன அளவில், அவ்வளவுதான். அப்படித் தந்ததை இஷ்டத்துக்கு நடுவில் நிறுத்தவும் கூடாது.

படி 3: எது பொறுக்கும், எதுவரை பொறுக்கும்

சாதாரணக் கண்புரை அவசரம் இல்லை. தேதி இரண்டு மாதம் தள்ளிப்போனால் கவலைப்பட வேண்டாம், புரையால் மங்கிய பார்வை ஆபரேஷனுக்குப் பின் திரும்பி வரும். ஆனால் "நல்லா முத்தட்டும்" என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது பழைய காலத்துப் பழக்கம், இப்போது அது தேவையே இல்லை. முற்றிப் பழுத்த புரை உள்ளேயே வீங்கும் அல்லது கசியும், கண்ணின் அழுத்தம் எகிறி வலியோடு வரும், அப்போது ஆபரேஷனும் சிக்கல், கிடைக்கும் பார்வையும் குறைவு. காசு ஒரு காரணம் என்றால், அரசு மருத்துவமனைகளில் லென்ஸோடு இலவசமாகச் செய்கிறார்கள். தொண்டு மருத்துவமனைகள் முகாம் நடத்திக் கூட்டிப்போய்ச் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகின்றன.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு ஒன்று. முதல் வாரங்களில் பார்வை நாளுக்கு நாள் தெளிவாக வேண்டும். தெளிந்த பார்வை மறுபடி மங்கினால், வலி கூடினால், சிவப்பு ஏறினால் ரிவ்யூ தேதிவரை காத்திருக்கக் கூடாது. உள்ளே கிருமி போயிருந்தால் ஒரு ராத்திரி தாமதம்கூடக் கண்ணை விழுங்கிவிடும். செய்த இடத்துக்கே உடனே போங்கள்.

படி 4: சத்தமில்லாமல் போகும் இரண்டு

முதலாவது சுகர். டைப் 2 சுகர் என்று தெரிந்த அன்றே கண்ணின் விழித்திரையையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சுகர் எப்போது ஆரம்பித்தது என்று நமக்குத் தெரியாது. சின்ன வயதில் வரும் டைப் 1 என்றால் ஐந்து வருஷத்துக்குள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை, கண் நன்றாகத் தெரிந்தாலும். ஏற்கெனவே சுகர் இருந்து கர்ப்பமானவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும், கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாகக் கூடலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் உள்ள கருந்துளையை, விரிக்க மருந்து போட்டுப் பார்க்கிறார்களா, அல்லது விழித்திரையைப் படம் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள்.

இங்கே இன்னொரு தவறான எண்ணம். "லேசர் வைத்தும் பார்வை கூடவில்லை, எதற்கு அடுத்த தவணை?" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். சுகர் கண்ணுக்குப் பரவலாக வைக்கும் லேசர் பார்வையைக் கூட்டுவதற்கு இல்லை, இருப்பதைக் காப்பதற்கு. கடுமையான பார்வை இழப்பின் அபாயத்தை அது பாதிக்கு மேல் குறைக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசியையும் பாதியில் விடக் கூடாது, ஒன்று போட்டுப் பார்வை தெளிந்ததும் நிறுத்திவிட்டால் விழித்திரையில் நீர் மறுபடி கட்டிக்கொள்ளும். 2020 ஊரடங்கில் ஊசித் தவணை விட்டுப்போய் அவதிப்பட்டவர்கள் அநேகம்.

இரண்டாவது கிளாக்கோமா. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், பேப்பர் படிப்பார், டிவி பார்ப்பார், ஓரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நடந்து 2003இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கிளாக்கோமாவின் பரவலான வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். போன பார்வை திரும்பாது. நாற்பது வயதுக்கு மேல் எல்லாரும் ஒருமுறை கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துவிட வேண்டும், அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் கண்டிப்பாக. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் கண் பிரஷரும் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், அது வேறு, இது வேறு.

படி 5: வீட்டிலேயே வாரம் ஒருமுறை

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லார் வீட்டிலும் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கமான கண்ணாடியோடு, ஒரே இடத்தில் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு அந்தத் தாளைப் பாருங்கள். பெரிய தேதி எண் யாருக்கும் தெரியும், கீழே நல்ல நேரம், ராகு காலம் எழுதியிருக்கும் வரி தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து ஜன்னல் கம்பியையோ பாத்ரூம் டைல்ஸ் கோட்டையோ பாருங்கள். நேர்க்கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் விழித்திரையின் மையத்தில் கோளாறு, சில நாள்களுக்குள் காட்ட வேண்டும். போன வாரம் தெரிந்தது இந்த வாரம் தெரியவில்லை என்றால் அதுவே காரணம் போதும், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கிளாக்கோமாவை இதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கருவிதான் வேண்டும்.

படி 6: சொட்டு மருந்தை நிஜமாகவே கண்ணுக்குள் போடுவது

டாக்டரைப் பார்ப்பது தள்ளிப்போகும் மாதங்களில் கண்ணைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சின்னப் பாட்டில்தான். ஆனால் வீட்டில் பெரியவர்கள் போடுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள், முதல் சொட்டு கன்னத்தில், இரண்டாவது இமை முடியில், மூன்றாவது உள்ளே. மாதத்துக்கு வரவேண்டிய பாட்டில் பத்து நாளில் தீர்ந்துவிடும், அடுத்தது வாங்கும்வரை மருந்தே இல்லை.

கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்ளட்டும். கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு பை மாதிரி வரும், பாட்டில் முனை எதிலும் படாமல் அதில் ஒரே ஒரு சொட்டு. கண் பிடிப்பது ஒரு சொட்டுக்கும் குறைவு, இரண்டாவது வீண். கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு ஓடாது. இன்னொரு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி. பெரும்பாலான பாட்டில்களைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதுங்கள். சிலவற்றைத் திறக்கும்வரை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆஸ்துமாவோ இதயத் துடிப்புக் குறைவோ இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், டிமோலால் சேர்ந்த சொட்டு மருந்து ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம், இதயத் துடிப்பை மேலும் குறைக்கலாம்.

படி 7: தேதி தள்ளிப்போனால்

டாக்டர் அறையை விட்டு எழுவதற்கு முன் மூன்று கேள்வி: என்ன நோய், எந்தக் கண்ணில், அதிகபட்சம் எத்தனை நாள் தாமதிக்கலாம். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். பதிலை ஃபைலின் அட்டையில் எழுதிவையுங்கள்.

மருத்துவமனை தேதியை மாற்றினால் சரி என்று போனை வைத்துவிடாதீர்கள். "கிளாக்கோமா பேஷண்ட், மூன்று மாதத்துக்குள் வரச் சொன்னார்கள்" என்றோ "கண்ணுக்குள் ஊசி போடும் பேஷண்ட்" என்றோ சொல்லுங்கள். தேதி தருகிறவருக்கு ஃபைல் தெரியாது, சொன்னால்தான் தெரியும். அந்தக் கெடுவுக்குள் தேதி கிடைக்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள், அதில் தப்பே இல்லை. ஃபீல்டு டெஸ்ட் (ஓரப்பார்வைப் பரிசோதனை), ஓசிடி (விழித்திரை ஸ்கேன்), விழித்திரைப் படம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் புது டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனை தூரம் என்றால் அழுத்தத்தையாவது பக்கத்து ஊர்க் கண் டாக்டரிடம் பார்த்துக்கொள்ளலாம். அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் வைத்திருக்கின்றன. அங்கே படம் எடுத்து அனுப்ப, டாக்டர் வேறு ஊரிலிருந்து பார்த்துச் சொல்வார்.

படி 8: குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு

குறைமாதத்தில், அதாவது 34 வாரத்துக்கு முன், அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. தாய் வீட்டுக்குப் போய்விட்டோம், மூன்றாம் மாதம் காட்டலாம் என்றால் காலம் கடந்துவிடும். போட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாக மின்னினால் அது புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம், அந்த வாரமே போங்கள். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிட்டால் அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே சோம்பிப்போகும். எவ்வளவு சின்ன வயதில் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் கிடைக்கும்.

படி 9: போகும் நாளுக்கு ஏற்பாடு

துணைக்கு ஆள் இல்லாததால் தள்ளிப்போகும் செக்கப்தான் அதிகம், அதிலும் வீட்டுப் பெண்களுக்கு. அதனால் தேதி வாங்கும்போதே யார் கூடப் போவது என்று பேர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். பாப்பா விரிய மருந்து போட்டால் சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, கூலிங் கிளாஸ் எடுத்துப்போங்கள். சுகர்காரர்கள் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் மயங்கி விழ வேண்டாம், செக்கப்புக்குப் பட்டினி தேவையில்லை, டிபன் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டே போகலாம். பழைய கண்ணாடி, இப்போது போடும் எல்லாச் சொட்டு மருந்துப் பாட்டில்களும், சுகர் பிரஷர் சீட்டு, காப்பீட்டு அட்டை ஒரே பையில் இருக்கட்டும். திரும்பும்போது அடுத்த தேதியைப் போனில் இரண்டு பேர் பதிந்துகொள்ளுங்கள், நோயாளி ஒருவர், கூடப் போனவர் ஒருவர்.